28 டாலர் தோட்டாவா, 60 டாலர் தோட்டாவா? பன்னி வேட்டைக்குப் போகும் தம்பிக்கு

கடையம் பக்கத்துத் தம்பி ஒருவர், டெக்சாஸில் சாப்ட்வேர் வேலை, கேட்டிருக்கிறார். அவர் கேள்வியின் சாரம் இதுதான்:

"அண்ணாச்சி, ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவரோட மாமனாருக்கு சான் அன்டோனியோவுக்குத் தெற்கே பண்ணை இருக்கு. பன்னித் தொல்லை தாங்க முடியல, வந்து சுடுங்கன்னு கூப்பிடுறார். .308 ரைஃபிள் அவரே தருவார். தோட்டா மட்டும் நான் வாங்கிட்டுப் போகணும். இருபது தோட்டா உள்ள பெட்டி 28 டாலருக்கும் இருக்கு, 60 டாலருக்கும் இருக்கு. ரெண்டிலும் 150 கிரெய்ன்னுதான் போட்டிருக்கு. எடை ஒண்ணுன்னா விலை ஏன் ரெண்டு மடங்கு? கூடக் கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டா, இல்ல பேருக்குத்தானா? இன்னொண்ணு, ஊர்ல அப்பாகிட்ட தாத்தா காலத்து இரட்டைக்குழல் லைசென்ஸோட இருக்கு. வாழைக்குள்ள பன்னி இறங்குது. அதுக்கு எந்தத் தோட்டா நல்லது?"

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு விடை வேறு மாதிரி. நான் பல வருஷம் டெக்சாஸில் இருந்து, அங்கே முறைப்படி லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போனவன். இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். முதல் கேள்விக்கு நான் சொல்வது: சுட்டுப் பழக 28 டாலர் பெட்டி போதும். பன்னிக்கு, நீங்கள் சொன்ன இரண்டுக்கும் நடுவில், 35, 40 டாலருக்குக் கிடைக்கும் பாண்டட் (ஈயமும் செம்பு உறையும் பிரியாதபடி ஒட்டவைத்த) வகையில் ஒரே ஒரு பெட்டி வாங்குங்கள். 60 டாலருக்கு வரும், ஈயமே இல்லாத செம்புக் குண்டு ஒரு காரணத்துக்காக மட்டும் வாங்கலாம். அந்த இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பீர்கள் என்றால் அதுவே சரி. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது நீளமான விஷயம்.

அதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் எச்-1பி விசாவில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டெக்சாஸில் 2019 செப்டம்பர் 1 முதல், நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் பன்னி சுட வேட்டை லைசென்ஸ் வேண்டியதில்லை. கூட வருகிறவர்கள் இதைச் சொல்லி "உனக்கும் வேண்டாம், வா" என்பார்கள். கேட்காதீர்கள். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய சட்டம். அதற்கு உள்ள விதிவிலக்குகளில் நமக்கு எட்டக்கூடியது, ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். அதாவது, பன்னிக்காக லைசென்ஸ் தேவையில்லை, உங்கள் விசாவுக்காகத் தேவை. தோட்டாப் பெட்டியைக் கடையில் தொடுவதற்கு முன்னாலேயே அது உங்கள் பையில் இருக்க வேண்டும். 1971 செப்டம்பர் 2க்கும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் டெக்சாஸில் ஹன்டர் எஜுகேஷன் பாடமும் முடிக்க வேண்டும். ஆன்லைனிலேயே முடிக்கலாம். தோட்டா விலையில் இருபது டாலர் மிச்சம் பிடிப்பதைவிட இது பெரிய கணக்கு, தம்பி. உங்கள் விசாவே இதில் இருக்கிறது.

சரி, குண்டுக்கு, அதாவது தோட்டாவின் நுனியிலிருந்து பறந்து போகும் பகுதிக்கு, வருவோம்.

150 கிரெய்ன் என்பது கிட்டத்தட்ட 9.7 கிராம். எடை ஒன்றாக இருந்தாலும், அந்த எடை விலங்கின் உடம்புக்குள் போனபிறகு என்ன ஆகிறது என்பதில்தான் விலை பிரிகிறது. வேட்டைக் குண்டு இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். முனை விரிந்து அகலமான பாதை போட வேண்டும். விரிந்த பிறகும் உடையாமல் இருதயம், நுரையீரல் வரை உள்ளே போக வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். சீக்கிரம் விரிகிற குண்டு ஆழம் போகாது. விரியாத குண்டு ஆழம் போகும், ஆனால் ஊசி குத்தியது போல ஒரு துளையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் வெளியேறிவிடும். விலை கூடக் கூட, இந்த இரண்டு வேலையையும் ஒருசேரச் செய்யும் திறன் கூடுகிறது. நாம் காசு கொடுப்பது அதற்குத்தான்.

இதனால்தான் முழு உறை போட்ட ராணுவ வகைத் தோட்டாவை வேட்டைக்கு எடுக்கவே கூடாது. கடையில் அதுவும் மலிவாக, மொத்தமாகக் கிடைக்கும். அது விரியாது. பன்னி ஓடிப்போய் முள்ளுக்குள் கிடந்து மணிக்கணக்கில் சாகும். விரியும் குண்டின் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு இடம் உண்டு. கல்கத்தா பக்கத்துத் தம்தம் ஆயுதச் சாலையில் 1890களில் .303 குண்டின் மூக்கிலே ஈயத்தைத் திறந்து விட்டுச் செய்தார்கள். அந்த ஊர்ப் பெயரே அந்த வகைக்கு ஒட்டிக்கொண்டது. மனிதர்மேல் சுடுவது கொடூரம் என்று 1899 ஹேக் மாநாட்டில் போருக்கு அதைத் தடுத்தார்கள். விலங்கு விஷயத்தில் நியாயம் நேர் எதிர். சீக்கிரம் சாக வேண்டும் என்பதுதான் அங்கே கருணை. அதனால் அமெரிக்காவில் பல மாநிலங்கள் பெரிய விலங்குகளுக்கு விரியும் குண்டைத்தான் அனுமதிக்கின்றன.

28 டாலர் பெட்டியில் இருப்பது செம்பு உறைக்குள் ஈயத்தை அழுத்தி வைத்த சாதாரணக் குண்டு. முனையில் ஈயம் வெளியே தெரியும். ரெமிங்டன் கோர்-லாக்ட் 1939இல் வந்தது, இன்றும் விற்கிறது. வின்செஸ்டர் பவர்-பாயின்ட், ஃபெடரல் பவர்-ஷாக் எல்லாம் இந்தக் குடும்பம். இதை மட்டமாக நினைக்க வேண்டாம். டெக்சாஸ் மானுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. மானின் விலா மெல்லியது. குண்டு உள்ளே போய்ப் பாதி எடையை இழந்து சிதறினாலும் நுரையீரலைக் கிழித்துவிடும், மான் நூறு கஜம் தாண்டாது. மானுக்கு 60 டாலர் குண்டு போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசைத் துப்பாக்கிக் களத்தில் பழகுவதற்குச் செலவு செய்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பன்னி வேறு. நன்றாக முற்றின ஆண் பன்னியின் தோள்ப் பக்கத்தில் தோலுக்கு அடியில் ஒரு கேடயம் இருக்கும். ஆண் பன்னிகள் ஒன்றையொன்று கொம்புப் பல்லால் குத்திக்கொள்வதால் அங்கே வடுத் திசுவும் குருத்தெலும்பு போன்ற சதையும் ஏறி இறுகிப்போயிருக்கும். உரித்துப் பார்த்தால்தான் தெரியும். வயிற்றுப் பக்கம் கத்தி சுலபமாகப் போகும். தோளுக்கு வந்ததும் கத்தி வழுக்கும், அழுத்தினால் ரப்பர் டயரை அறுப்பது போல நறநறவென்று இருக்கும். என் விரல் கனத்துக்கு மேலேயே அந்தப் படலம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் சேறு காய்ந்து ஓடாகப் பிடித்திருக்கும். குண்டு இதையெல்லாம் தாண்டித் தோள் எலும்பையும் உடைத்துக்கொண்டு போக வேண்டும்.

இன்னொரு விஷயம், பன்னியின் இருதயம் மானைவிடத் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவில், முன்பக்கம் தள்ளி இருக்கும். மானைச் சுட்டுப் பழகினவர் தோளுக்குப் பின்னால், உடம்பின் பாதி உயரத்தில் குறி வைப்பார். பன்னியில் அந்த இடம் ஈரலையும் குடலையும் ஒட்டிய இடம். ஆகப் பன்னியைச் சரியாகச் சுடுவது என்றாலே முன்னங்காலுக்கு நேர் மேலே, உடம்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சுடுவது. அப்படிச் சுட்டால் கேடயமும் எலும்பும் வழியில் வந்தே தீரும். குண்டின் கட்டுமானம் பன்னிக்கு ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஒருமுறை எங்களோடு வந்த ஒருவர் .243 ரைஃபிளில், நிலத்தில் வளை தோண்டும் சின்ன விலங்குகளுக்கென்று செய்த இலேசான, வேகமான குண்டு போட்டிருந்தார். கையில் அதுதான் இருந்தது, விலையும் குறைவு. ஐம்பது அறுபது கஜத்தில் நல்ல பன்னி, நல்ல குறி, தோளிலேயே பட்டது. பன்னி ஒரு சத்தம் போட்டுவிட்டு மெஸ்கீட் முள்ளுக்குள் போய்விட்டது. நம் ஊர் சீமைக் கருவேலைக்கு அண்ணன் தம்பிதான் அந்த மெஸ்கீட், அதற்குள் ராத்திரி ஆள் நுழைய முடியாது. விடிந்து நாயை விட்டுத்தான் கண்டுபிடித்தோம். உயிரோடு இருந்தது. முடித்துவிட்டு உரித்தபோது பார்த்தால், தோளில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை சிதைந்து கிடக்கிறது, உறை தனியாக, ஈயம் தூளாக, ஒரு துண்டுகூட விலாவைத் தாண்டவில்லை. அந்தக் குண்டில் எந்தக் கோளாறும் கிடையாது. அது எதற்குச் செய்யப்பட்டதோ அந்த வேலைக்கு நல்ல குண்டு. இந்த வேலைக்கு அது அல்ல.

இந்தப் பிரச்சினை புதிதல்ல. 1946இல் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற பெரிய மான் வகை வேட்டைக்குப் போனார். கையில் .300 மேக்னம், வேகம் கூடிய தோட்டா. சேறு காய்ந்த பெரிய மூஸின் தோளில் பட்ட குண்டுகள் ஆழம் போகாமல் மேலேயே சிதறின. ஊருக்கு வந்து, குண்டின் நடுவில் செம்பிலேயே ஒரு குறுக்குச் சுவர் வைத்துச் செய்தார். முன் பாதி விரியும், சிதறினாலும் சரி. பின் பாதி சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து ஆழம் போகும். அதுதான் நாஸ்லர் பார்ட்டிஷன். 1948இல் கம்பெனியாக ஆரம்பித்தார். இன்று நாம் பிரீமியம் என்று காசு கொடுக்கிற எல்லாமே அவருக்கு வந்த அதே சிக்கலுக்கு ஆளாளுக்குக் கண்டுபிடித்த தீர்வுதான்.

பாண்டட் என்பது ஈயத்தையும் செம்பு உறையையும் பிரியாதபடி ஒட்டவைப்பது. சாதாரணக் குண்டில் உறை கழன்றுகொண்டு ஈயம் தனியே போகும் ஆபத்து உண்டு. இதில் இல்லை. பலவற்றில் இதைச் செய்ய உழைப்பு அதிகம், விலையும் அதிகம். ஃபெடரல் ஃப்யூஷன் மாதிரிச் சிலவற்றில் ஈயத்தின்மேல் செம்பை மின்முலாம் முறையில் படியவிடுகிறார்கள். அதனால்தான் அது நடுவிலையில் நிற்கிறது. பன்னிக்கும் மானுக்கும் பொதுவாக ஒரே பெட்டி வாங்கு என்றால் என் கை அங்கேதான் போகும்.

60 டாலர் பெட்டியில் இருப்பது ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டாக இருக்கும். 1989இல் கடைக்கு வந்த பார்ன்ஸ் எக்ஸ்தான் இந்த வகைக்கு வழி போட்டது. முனையில் ஒரு குழி, அது நான்கு இதழாக விரியும், எடை கிட்டத்தட்ட குறையாது. ஆழத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் இதற்கு வேகம் வேண்டும். வேகம் நொடிக்கு 1,800, 2,000 அடிக்குக் கீழே இறங்கிவிட்டால் இதழ் சரியாக விரியாமல் போகலாம். செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நேராகப் போக, குழலுக்குள் இருக்கும் முறுக்கு, அதாவது ட்விஸ்ட், போதுமானதாக இருக்க வேண்டும்.

வேகம் என்று சொன்னேன். விலையைத் தீர்மானிக்க வேண்டிய இடம் உண்மையில் அதுதான். கடையில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். சாதாரணக் குண்டு உடைவதற்குக் காரணம் அதன் விலை குறைவு என்பதைவிட, அது தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டி அடிப்பது. .30-30 தோட்டா 1895இல் வந்தது. அதன் வேகம் மிதமானது. அதில் சாதாரணக் குண்டே இத்தனை காலமாகக் கேடு இல்லாமல் வேலை செய்கிறது. அதே சாதாரணக் குண்டை .300 வின்செஸ்டர் மேக்னத்தில் போட்டு முப்பது கஜத்தில் எலும்பில் அடித்தால் உடையாமல் என்ன செய்யும்? உங்களுடைய .308 இரண்டுக்கும் இடையில். ரெமிங்டன் கொடுக்கும் அட்டவணைப்படி 150 கிரெய்ன் கோர்-லாக்ட் குழல்வாயில் நொடிக்கு 2,820 அடி, 100 கஜத்தில் 2,533, 200இல் 2,263, 300இல் 2,009. டெக்சாஸ் பண்ணையில் தீனி போடும் இடத்தில் பன்னி வருவது பெரும்பாலும் நூறு கஜத்துக்குள். அங்கே வேகம் 2,500க்கு மேல். சாதாரணக் குண்டு அந்த வேகத்தில் விலாவில் பட்டால் பிரமாதம், கேடயத்திலும் தோள் எலும்பிலும் பட்டால் சொல்ல முடியாது. பாண்டட் அங்கே கவலை இல்லாமல் போகும். செம்பும் போகும், ஆனால் பாண்டட் போதுமான இடத்தில் அதற்கு 20 டாலர் கூடக் கொடுக்கிறோம்.

சாதாரணக் குண்டிலேயே சமாளிக்க ஒரு வழியும் உண்டு. 150க்குப் பதில் 180 கிரெய்ன் எடுங்கள். வேகம் குறைவதால் உடைவதும் குறையும், கனத்தால் ஆழமும் கூடும். அதே விலை. உதை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். பழைய வேட்டைக்காரர்கள் காலம் முழுக்க இப்படித்தான் காரியம் பார்த்தார்கள்.

விலையில் குண்டுக்குச் சம்பந்தமில்லாத சங்கதியும் சேர்ந்திருக்கும். நிக்கல் பூசின பளபள ஓடு, வண்ண பிளாஸ்டிக் முனை, காற்றைக் கிழித்துப் போகும் நீள வடிவம். நிக்கல் ஓடு ஈரத்தில் கறுக்காது, கைக்கு வழுவழுப்பாக இருக்கும், பன்னிக்கு அதில் ஒரு வித்தியாசமும் கிடையாது. காற்றைக் கிழிக்கும் வடிவம் 300 கஜத்துக்கு அப்பால்தான் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உதவும். உங்களுக்கு நூறு கஜம்.

இப்போது காசுக் கணக்கு. பெட்டி விலையைப் பார்த்தால் 28க்கும் 60க்கும் 32 டாலர் வித்தியாசம், பயமாக இருக்கும். ஒரு சீசனில் நீங்கள் சுடப்போகும் தோட்டாவில் விலங்கின்மேல் சுடுவது கொஞ்சம்தான், மீதி எல்லாம் அட்டையில் சுட்டுப் பழகுவது. நூறு தோட்டா வாங்குவதாக வையுங்கள். ஐந்து பெட்டியும் 28 என்றால் 140 டாலர். ஐந்தும் 60 என்றால் 300. நாலு பெட்டி 28இல் பழகுவதற்கு, ஒரு பெட்டி 38க்குப் பாண்டட் என்றால் 112 கூட்டல் 38, மொத்தம் 150. எல்லாம் மலிவாக வாங்குவதற்கும் இதற்கும் பத்தே டாலர்தான் வித்தியாசம். சான் அன்டோனியோவிலிருந்து பண்ணைக்குப் போய்வர பெட்ரோல் அதைவிடக் கூட ஆகும். காயம்பட்ட பன்னியைத் தேடி ராத்திரி முள்ளுக்குள் அலைவதற்கு என்ன விலை போடுவது?

அதைவிட மோசமான கணக்கு ஒன்று உண்டு. 60 டாலர் பெட்டி ஒன்றை மட்டும் வாங்கி, விலை அதிகம் என்று ஐந்து குண்டு சுட்டு ஜீரோ பார்த்துவிட்டு (குறி வைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டு), மீதியைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு வேட்டைக்குப் போவது. நல்ல குண்டு, பழகாத கை. நான் பார்த்தவரையில் காயத்தோடு தப்பிப்போகும் விலங்குகளில் பெரும்பாலானவை இந்த மாதிரிக் கையிலிருந்துதான் தப்புகின்றன, மலிவுக் குண்டிலிருந்து அல்ல. குடலில் பட்ட செம்புக் குண்டு குடலில் பட்ட குண்டுதான். அதனால் 28 டாலர் பெட்டிகளைக் கஞ்சத்தனம் பார்க்காமல் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து மட்டும் சுட வேண்டாம். முழங்காலிட்டு, கம்பில் சாய்ந்து, பண்ணையில் எப்படிச் சுடுவீர்களோ அப்படிச் சுடுங்கள்.

கவனிக்க வேண்டியது, இரண்டு வகைத் தோட்டாவும் ஒரே இடத்தில் படாது. எடை ஒன்றாக இருந்தாலும் 100 கஜத்தில் இரண்டு அங்குலம் தள்ளிப் படலாம். பழகி முடித்தபின் பாண்டட் பெட்டியிலிருந்து ஆறேழு சுட்டு ஸ்கோப்பை அதற்கு ஜீரோ பண்ணிவிட்டு, பிறகு திருகைத் தொடாதீர்கள். மீதி பதின்மூன்று உங்களுக்கு ஒரு சீசனுக்குத் தாராளம்.

ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி உண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த நம்பர் என்றாலும் ஒன்று விரும்பும் தோட்டாவை இன்னொன்று விரும்பாது. 28 டாலர் தோட்டா அந்த ரைஃபிளில் ஒரு அங்குலத்துக்குள் குரூப் போட்டு (சுட்ட குண்டெல்லாம் நெருங்கிப் பட்டு), 60 டாலர் தோட்டா மூன்று அங்குலம் விரிந்தால், யோசிக்காமல் முதலாவதை எடுத்துக்கொண்டு தோளைத் தவிர்த்துச் சுடுங்கள், அல்லது வேறொரு பாண்டட் முயன்று பாருங்கள். பன்னிக்கு நூறு கஜத்தில் ஒன்றரை அங்குலக் குரூப் போதும். பண்ணைக்காரர் ஏற்கெனவே எந்தத் தோட்டா போடுகிறார் என்று கேட்பது எல்லாவற்றுக்கும் மேல். அந்தக் குழலோடு அவர்தான் குடும்பம் நடத்துகிறார்.

தோட்டாவை வீட்டிலேயே கட்டிக்கொள்வது பற்றிச் சிலர் சொல்வார்கள். வருஷத்துக்கு நூறு தோட்டா சுடுகிறவருக்கு அந்தக் கருவிகளின் முதலே திரும்பாது. விடுங்கள்.

ஈயம் பற்றி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஈயக் குண்டு உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத தூள் காயத்திலிருந்து தள்ளியும் சதைக்குள் பரவும். காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்தாலும் முழுக்கப் போகாது. 2008இல் நார்த் டகோட்டாவில் ஏழைகளுக்கென்று வேட்டைக்காரர்கள் கொடுத்த மான் கொத்துக்கறியில் ஈயத் துணுக்கு இருந்ததால் அதை வினியோகிக்க வேண்டாம் என்று நிறுத்தினார்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது. அங்கே வேட்டைக்காரர் விட்டுப்போன குடலைத் தின்று காண்டோர் கழுகுகள் ஈய விஷத்தில் செத்தது ஒரு பெரிய காரணம். வளர்கிற பிள்ளையின் மூளைக்கு ஈயம் கொஞ்சமும் ஆகாது. அதனால்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன்: வீட்டில் சின்னப் பிள்ளைகள் அந்தக் கறியைச் சாப்பிடுவார்கள் என்றால் 60 டாலர் செம்பை வாங்குங்கள், விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். பண்ணைக்காரர் பன்னியைக் குழியில் போட்டு மூடுகிறவர் என்றால் பாண்டட் போதும், ஆனால் அங்கே பருந்து தின்னும்படி திறந்து போடாதீர்கள். அந்தப் பன்னிகளில் புரூசெல்லா நோய்க்கிருமியும் உண்டு, வெறுங்கையால் அறுக்க வேண்டாம். கையுறை போடுங்கள், கறியை நன்றாக வேகவையுங்கள்.

இனி ஊர் விஷயம்.

அப்பாவின் இரட்டைக்குழலுக்குப் பன்னி சுடத் தோட்டா எது என்று நான் சொல்லப்போவதில்லை. லைசென்ஸ் இருப்பதும் சுட உரிமை இருப்பதும் ஒன்றல்ல. 1959 ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி கொடுக்கிறது. காட்டுப்பன்னியைச் சுடுவதை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வாழை நம்முடையதாக இருந்தாலும், பன்னி நம் வேலிக்குள் நின்றாலும் இதுதான் நிலைமை. அப்பாவுக்குக் கோபம் வருவது நியாயம். விடிந்து போய்ப் பார்க்கும்போது குலை தள்ளிய வாழை வரிசையாகச் சாய்ந்து, கிழங்கை நோண்டிப்போட்டுக் கிடந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்குப் போனால் அங்கே வேறு சட்டம் மாதிரித் தெரியும். கேரளத்தில் 2022 மே முதல் ஊராட்சித் தலைவரே லைசென்ஸ் துப்பாக்கிக்காரருக்கு அனுமதி கொடுத்துப் பயிரை அழிக்கும் பன்னியைச் சுட வழி செய்திருக்கிறார்கள். அது மலைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம், 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்னியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான். கடையத்தில் மலையடிவாரத்து வாழைத் தோட்டம் பெரும்பாலும் அந்த 3 கிலோமீட்டருக்குள்தான் வரும்.

இன்னொரு காரணமும் சொல்கிறேன். பன்னிரண்டு போர் (12 bore, குழல் அளவு) துப்பாக்கியில் எல்ஜி, எஸ்ஜி என்ற பெரிய ரவைத் தோட்டா போட்டு இருட்டில் சுட்டால், ரவை பரந்து இரண்டு மூன்றுதான் பன்னிமேல் படும். அந்தக் கேடயத்தைப் பற்றி மேலே சொன்னேன். அடிபட்ட பன்னி கரும்புக்குள்ளோ ஓடைக்குள்ளோ போய்ப் படுத்திருக்கும். காலையில் புல்லறுக்கப் போகிற பொம்பளைகள் அதை மிதித்தால் என்ன ஆகும் என்று ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள். அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் வெடி மறைத்து, வைப்பது அதைவிடக் கொடுமை, மாடும் ஆனையும் அதில் வாய் வைக்கும்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: சேதத்தைப் போட்டோ எடுத்து, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுக்கட்டும். ஒவ்வொரு தடவையும் கொடுக்கட்டும். மனு இல்லாத இடத்தில் பன்னியே இல்லை என்றுதான் கணக்கு எழுதப்படும்.

துப்பாக்கி உயிர்ப் பாதுகாப்புக்கு என்று வீட்டில் இருக்கட்டும், ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பழைய விலாயத்து இரட்டைக்குழல்களில் தோட்டா அறை 65 மி.மீ. நீளம்தான் இருக்கும். இப்போது கடையில் 70 மி.மீ. தோட்டாவும் வருகிறது. உள்ளே நுழைந்துவிடும், வெடித்தால் ஓடு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். பழைய குழல் அதைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. குழலின் அடியில் பொறித்திருப்பதை ஒரு நல்ல ஆயுதக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்காமல் எந்தத் தோட்டாவும் வாங்க வேண்டாம். பரண்மேல் தாத்தா விட்டுப்போன காகித ஓட்டுத் தோட்டா இருந்தால் அதைச் சுட்டுப் பார்க்கவும் கூடாது. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஊதிப்போயிருக்கும். லைசென்ஸ் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, முறைப்படி கடையிலோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்துவிடலாம். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கப் போவார் அல்லவா, அப்போதே இதையும் பேசிக்கொள்ளலாம்.

உங்களுக்கும் ஒன்று. வேட்டைக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்கு வரும் பிரயாணத்துக்கு எடுக்காதீர்கள். பை மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா வாகைக்குளம் (தூத்துக்குடி) விமான நிலையத்திலோ திருவனந்தபுரத்திலோ ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் வந்தது என்று நிரூபிக்க அலைய வேண்டியது நீங்கள்.

செம்புக் குண்டுதான் வாங்குவதாக இருந்தால், ரைஃபிள் குழலில் ட்விஸ்ட் எவ்வளவு என்று பண்ணைக்காரரிடம் கேளுங்கள். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 150 கிரெய்ன் தாராளமாகப் போகும். பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் 130 கிரெய்ன் வாங்குங்கள், அந்தத் தூரத்துக்கு அது போதும்.